பயனாளிக் கோழிகள்

கார்விக் பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு வருடமாக விளையாட்டுச் சட்டைகளின் முதுகில் பெயர் தைப்பது என் வேலை. ஃபுட்பால் மைதானத்துக்கு நேர் அடியில், சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்தில் என் அறை. ஜன்னல் கிடையாது. மேலே எழுபதாயிரம் பேர் சேர்ந்து கத்தினால் என் மேசையில் நூல்கண்டு தானாக நடக்கும். நான்கெழுத்துப் பெயர் என்றால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நீளப் பெயரோடு போலந்துக்காரப் பையன் எவனாவது அணியில் சேர்ந்தால் என் மத்தியானச் சாப்பாடு போச்சு.

சில வருடம் முன்பு எங்கள் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. அதுவரை, கல்லூரியில் விளையாடுகிற பிள்ளை தன் பெயரைச் சொல்லி ஓசியில் ஒரு பர்கர் தின்றாலும் குற்றம். இனிமேல் அவன் பெயர் அவனுடையது, அவன் உருவம் அவனுடையது. அதை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம், தனக்காகப் பேச ஓர் ஆளும் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆள் அரசாங்கத்தில் பதிவு செய்த முகவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டம் மொத்தம் நான்கு பக்கம். அதை விளக்குவதற்காக எங்கள் பல்கலைக்கழகம் திறந்த அலுவலகம் இரண்டு மாடி.

'பெயர் மற்றும் உருவ நலன் அலுவலகம்' என்று அதற்குப் பெயர். தலைவர் திரு. விட்லாக். முதல் நாளே என் அறைக் கதவில் ஒரு சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போனார்கள். 'உன் பெயர் உன்னுடையது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'இவ்வாசகம் பல்கலைக்கழகத்தின் உடைமை. அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது.'

திறப்பு விழாவில் விட்லாக் பேசினார். நானும் கீழேயிருந்து ஏறிப்போய் நின்று கேட்டேன்.

"இத்தனை வருஷமா உங்களை நாங்க சுரண்டிட்டோம்னு வெளியில சொல்றாங்க. அதை நாங்க மறுக்கல. ஆனா அது ஒரு ஒழுங்கில்லாம நடந்துக்கிட்டிருந்தது. இப்போ அதுக்குன்னு தனித் துறை இருக்கு, படிச்சவங்க இருக்காங்க. இனிமே எது நடந்தாலும் உங்களுக்கு எழுத்துல தெரிவிப்போம்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். கைதட்டல் முடியும் முன்பே கேக் வந்துவிட்டது. நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன், பொய் சொல்வானேன்.

இந்தக் கதை எமெட் வாசெக்கைப் பற்றியது. எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு, அபூர்வமாகத்தான் பந்தை உதைப்பார்கள். அப்படி உதைக்க வேண்டி வரும்போது ஒருத்தன் முன்னால் குனிந்து நின்று, தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் பதினைந்து கஜம் வீச வேண்டும். பின்னால் நிற்பவன் கையில் அது சரியாகப் போய் உட்கார வேண்டும். எதிரே மாடு மாதிரி ஆறு பேர் மேலே விழக் காத்திருப்பார்கள். அந்தக் குனிகிற வேலைதான் எமெட்டுக்கு. நான்கு வருடத்தில் ஒரு வீச்சுக்கூட அவனுக்குத் தப்பவில்லை. தப்பாததால் அவனை ஒருவருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் பார்த்தது அவனுடைய பின்புறத்தை மட்டும்தான். விட்லாக் அலுவலகத்தின் உருவ மதிப்பீட்டுப் படிவத்தில், 'பொதுமக்கள் உங்களை அடையாளம் காணும் பகுதி' என்று ஒரு கட்டம் இருந்தது. எமெட் நல்ல பிள்ளை, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தான்.

அவனை அணிக்குச் சேர்த்தவர் கோச் ரஸ்டி டெவெல். ஐந்து வருடம் முன்பு நியூ தாபோரில் இருக்கும் அவர்கள் பண்ணை வீட்டுக்கே காரில் போய், சமையலறை மேசையில் உட்கார்ந்தார். எமெட்டின் அப்பா டிராக்டர் கவிழ்ந்து இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மா லோரெட்டா உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட கேசரோலை எடுத்து வைத்தாள். கோச் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்:

"லோரெட்டாம்மா, பையனை என்கிட்ட விடுங்க. கடைசி வருஷம் கடைசி ஆட்டத்தன்னிக்கு நீங்க அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு மைதானத்துக்குள்ள நடந்து வருவீங்க. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னு கை தட்டும். அதுக்கு நான் பொறுப்பு."

கடைசி வருடப் பிள்ளைகளைப் பெற்றவர்களோடு மைதானத்துக்குள் நடக்கவைத்துப் பூச்செண்டும், கண்ணாடிச் சட்டம் போட்ட சட்டையும் கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கம். லோரெட்டா அந்த ஒரு நாளுக்காக ஐந்து வருடம் காத்திருந்தாள். நீலத்தில் ஒரு கோட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் அலமாரியில் தொங்கவிட்டிருந்தாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே, மிச்சமிருந்த கேசரோலையும் கோச் பாத்திரத்தோடு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கழுவித் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். பாத்திரத்தின் அடியில் வெள்ளை டேப் ஒட்டி 'எல். வாசெக்' என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் சர்ச் விருந்துக்குப் பாத்திரம் எடுத்துப் போகிற எல்லாரும் இப்படித்தான் எழுதுவோம். பெயர் எழுதிய பாத்திரத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

லோரெட்டா எனக்குப் பழக்கமானது சட்டையால்தான். பையனின் முதல் சட்டையைப் பார்க்க என் அறைக்கு வந்தவள், தையலைத் திருப்பிப் பார்த்து, "கெட்டியா தைச்சிருக்கீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

சனி எப்படிப் பிடித்தது என்றால், போன ஆகஸ்டில் லோரெட்டா கோழித்தீவனம் வாங்கப் போனாள். கடைக்காரர் நார்ம் ஸ்டாஸ்னி அவளோடு பள்ளியில் படித்தவர்.

"நார்ம், என் பையனை வெச்சு ஒரு போர்டு போடேன். அதுக்குத்தான் இப்போ சட்டமே இருக்கே."

"போடலாம். என்ன குடுக்கணும்?"

"இந்தக் குளிர்காலத்துக்குத் தீவனம் குடு. போதும்."

பேச்சுவார்த்தை அவ்வளவுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் எமெட் குனிந்து நிற்கிற படத்தோடு போர்டு வந்தது. 'பார்க்காமலே நம்பலாம் — நார்ம் தீவனக் கடை.' எமெட் கூச்சத்தில் ஒரு வாரம் அந்தச் சாலைப் பக்கமே போகவில்லை. லோரெட்டா வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் கோச் அவளுக்குப் போன் செய்தார். "போர்டு பாத்தேன்மா, பிரமாதம். யாரு பேசி முடிச்சது?"

"நான்தான் கோச்," என்றாள் பெருமையாக.

"நீங்களா, பலே. தீவனம் வந்து சேர்ந்துடுச்சா?"

"நேத்தே வந்துடுச்சு. கோழிங்க மூக்கு முட்டத் தின்னுதுங்க."

நான்காம் நாள் விட்லாக் அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால். பதிவு இல்லாமல் முகவர் தொழில் செய்ததாக லோரெட்டா வாசெக் மீது புகார், விசாரணைக்கு வரவும். புகார் கொடுத்தவர் பெயர்மேல் கறுப்பு மை பூசியிருந்தார்கள். தனியாகப் போகப் பயந்து என்னைக் கூப்பிட்டாள். நானும் போனேன்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் விட்லாக்கும் இரண்டு வக்கீல்களும். இந்தப் பக்கம் நாங்கள்.

"மிஸஸ் வாசெக், சட்டத்துல பெத்தவங்களுக்கு விலக்கு இருக்கு," என்றார் விட்லாக் அன்பாக. "பிள்ளைக்காகத் தாராளமா பேசலாம். ஆனா அந்தப் பேச்சால பெத்தவங்க பயன் அடைஞ்சா விலக்கு போயிடும். கோழிங்க யாரோடது?"

"என்னோடது."

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு. ஒண்ணு நொண்டி."

வக்கீல் எழுதிக்கொண்டார். நொண்டியைத் தனியாக எழுதினார்.

"தீவனத்தைத் தின்னது எமெட்டா, கோழிங்களா?"

லோரெட்டா என்னைப் பார்த்தாள். "கோழிங்கதான்," என்றாள்.

"அப்போ பயனாளி கோழி. கோழிக்கு உரிமையாளர் நீங்க. வீரருக்கு இதுல என்ன கிடைச்சது?"

"முட்டை சாப்பிடுவான் சார். வீட்டுக்கு வந்தா நாலு முட்டை சாப்பிடுவான்."

விட்லாக் பேனாவை மேசைமேல் வைத்தார். "அது இன்னும் சிக்கல்மா. அப்போ முகவர் வீரருக்குச் சாப்பாடு குடுத்ததா ஆகுது. அதை நான் கேக்காத மாதிரி விட்டுடறேன். நாங்க ஒண்ணும் கல் நெஞ்சக்காரங்க இல்ல."

இரண்டாவது வக்கீல் அதற்குத் தலையாட்டினார்.

"இப்போ நான் என்ன பண்ணணும்?" என்றாள் லோரெட்டா. "கடைசி ஆட்டத்துக்கு அவன்கூட நடக்கணும். எனக்கு அது ஒண்ணு போதும்."

"ரொம்பச் சுலபம். முறைப்படி முகவரா பதிவு பண்ணிக்குங்க. குற்றம் போயிடும்."

பதினெட்டுப் பக்கப் படிவம். அதை என் தையல் மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினாள். 'வாடிக்கையாளரை எவ்வளவு காலமாக அறிவீர்கள்?' என்ற கேள்விக்கு, 'இருபத்திரண்டு வருடம், அதற்கு முன்னால் ஒன்பது மாதம்' என்று எழுதினாள். 'வாடிக்கையாளரை முதலில் எங்கே சந்தித்தீர்கள்?' என்பதற்கு, 'நியூ தாபோர் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி.' கைரேகை கொடுத்தாள். ஒப்பந்தச் சட்டத்தில் பரீட்சை வைத்தார்கள். கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே ஆறு வாரம் படித்து, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கினாள். அந்தத் தடவை எழுதிய வக்கீல் பையன்கள் பாதிப் பேர் தேறவில்லை.

நவம்பரில், கடைசி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, அவள் படம் போட்ட முகவர் அட்டை வந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விட்லாக்கைப் பார்க்கப் போனோம். அவர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

"வாழ்த்துகள். நம்ம மாநிலத்துல அம்மாவே முகவரானது நீங்கதான் முதல். உங்களைப் பத்தி எங்க ஆண்டு மலர்ல ஒரு பக்கம் போடப்போறோம்."

"சந்தோஷம் சார். சனிக்கிழமை எந்த வாசல் வழியா உள்ள வரணும்?"

அவர் உட்கார்ந்தார். "அதுலதான் ஒரு சின்ன விஷயம். பதிவு பெற்ற முகவர் ஆட்டத்தன்னிக்கு மைதான வேலிக்குள்ள வரக் கூடாது. வீரர்களைத் தொந்தரவு பண்ணுவாங்கன்னு விதி."

"அப்போ இதை ரத்து பண்ணிடுங்க," என்று அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பண்ணலாமே. ஆனா அப்புறம் நீங்க முன்னாள் முகவர். முன்னாள் முகவருக்கு ஒரு வருஷம் தடை."

லோரெட்டா மெதுவாகக் கேட்டாள். "வெறும் அம்மாவா வர முடியாதா?"

விட்லாக் உண்மையாகவே கணினியில் தேடிப் பார்த்தார். "அப்படி ஒரு வகை எங்க பட்டியல்ல இல்லம்மா. ஆனா பையன் தனியா நடக்கமாட்டார், கவலைப்படாதீங்க. அதிகாரபூர்வக் குடும்பப் பிரதிநிதின்னு ஒருத்தரை நாங்களே ஏற்பாடு பண்ணித் தருவோம். செலவு எங்களோடது."

கோச்சிடமே போய்ச் சொல்வோம், மனுஷன் அவள் வீட்டில் சாப்பிட்டவர், ஒரு வார்த்தை சொன்னால் விட்லாக் நடுங்கமாட்டாரா என்று நினைத்தேன். அவர் கோட்டில் சின்னம் தைக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவர் அறைக்குப் போனேன். அவர் காலைத் தூக்கி மேசைமேல் போட்டு, போனை ஒலிபெருக்கியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கால் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பாத்திரம், அதில் கோல்ஃப் பந்துகள். லோரெட்டா சொல்லியிருந்த பாத்திரம் என்று பார்த்ததும் தெரிந்தது. கண்ணாடிதானே, அடியில் ஒட்டியிருந்த டேப்பின் ஓரம் மேலேயே தெரிந்தது.

"கோச், லோரெட்டாவுக்காக நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"நான் பேசாம வேற யாரு பேசினது? புகார் குடுத்ததே நான்தானே," என்றார், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

நான் பாத்திரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்படிப் பாக்காத அர்லீன். விதையும் தீவனமும் விக்கிற கம்பெனிக்காரங்க மைதானத்துக்கே தங்களோட பேரைப் போட்டிருக்காங்க. அவங்களுக்குப் போட்டியா எந்தக் கடை விளம்பரம் வந்தாலும் நான் மூணு நாளுக்குள்ள சொல்லணும்னு என் ஒப்பந்தத்துல இருக்கு. எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஃபுட்பால் மட்டும்தான் தெரியும். என் ஏஜென்ட் சொன்னாரு, உடனே சொல்லிடுங்கன்னு. தனக்காகப் பேச ஒரு நல்ல ஆள் இல்லாம மனுஷன் இந்தக் காலத்துல பிழைக்க முடியாது, தெரியுமா?"

"ரஸ்டி, யார்கிட்ட பேசறீங்க?" என்றது ஒலிபெருக்கி. "என்னைக் கேக்காம யார்கிட்டயும் பேசாதீங்க."

"தையக்காரிதான்," என்றார் கோச். எனக்குக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

கீழே வந்தால் எமெட் என் அறையில் உட்கார்ந்திருந்தான், கடைசிச் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தவன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருடமாகக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தவள் நான். அன்றைக்கு முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அவன் சட்டையை மடித்தான். திரும்ப விரித்து இன்னொரு தடவை மடித்தான்.

"எங்க வீட்டு மேசைல உக்காந்து சொன்னாரு அர்லீன். எங்கப்பா நாற்காலில. அங்க நாங்க யாரையும் உக்கார விடமாட்டோம். அம்மா அவரை உக்காரச் சொன்னாங்க."

"தெரியும்பா."

"அம்மாகிட்ட சொல்லாதீங்க. அவங்க இன்னும் அவருதான் கடைசி நேரத்துல ஏதாவது பண்ணுவாருன்னு நம்பிட்டிருக்காங்க."

சனிக்கிழமை லோரெட்டா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். டிக்கெட் வாங்கி வேலியை ஒட்டிய முதல் வரிசையில் நின்றாள். நான் பக்கத்தில். பிள்ளைகள் ஒவ்வொருவராக அம்மா அப்பாவோடு நடந்து வந்தார்கள். எமெட் முறை வந்தபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் குரல் தழுதழுத்தது. "எமெட் வாசெக். உடன் வருபவர், அவரைச் சொந்த மகனாக நினைத்து வளர்த்தவர், கோச் ரஸ்டி டெவெல்."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. கோச் எமெட்டின் தோளில் கை போட்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். குடும்பத்துக்கு என்று கொடுத்த சட்டையை, நான் பெயர் தைத்த சட்டையை, கண்ணாடிச் சட்டத்தோடு அவரே வாங்கிக்கொண்டார். பூச்செண்டை எமெட் கையில் கொடுத்தார்கள்.

லோரெட்டா என் கையை நெரித்தாள். "அவரு ஏன் அங்க நிக்கிறாரு?" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. அலுவலகம் ஏற்பாடு செய்த குடும்பப் பிரதிநிதி அவர்தான். அவள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

எமெட் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், வேலியிலிருந்து சுமார் பதினைந்து கஜம். கோச் புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். எமெட் பூச்செண்டைத் தரையில் வைத்தான். கால்களை அகட்டினான். நான்கு வருடமாக நாடு பார்த்த அதே பின்புறத்தைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே வீசினான். பூச்செண்டு வேலியைத் தாண்டி வந்து லோரெட்டாவின் நெஞ்சில், இரண்டு கைக்கும் நடுவில் உட்கார்ந்தது. அவள் கையை அசைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விட்லாக்கிடமிருந்து பதிவுத் தபால். வீரர் பெறும் எதிலும் முகவரின் பங்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு பூவில் முகவர் வாசெக்குக்கு உரியது ஒன்றே முக்கால். மீதி பத்தேகால் பூவை ஏழு நாளில் திருப்பி அனுப்பவும்.

மறுவாரம் கோச் தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கார்விக் ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருந்தது. அதை அவர் ஏஜென்ட் பார்த்துக்கொண்டார். புது இடத்தில் கையெழுத்துப் போடுகிற விழாவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒரு பக்கம் ஏஜென்ட். மறு பக்கம் எண்பத்திரண்டு வயது அம்மா. "எங்கம்மா பக்கத்துல இல்லாம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல," என்றார் கோச். அவருக்குப் பின்னால் சுவரில் எமெட்டின் சட்டை தொங்கியது. 'என் பிள்ளைகள்' என்று மேலே எழுதியிருந்தது.

அவர் அறையைக் காலி செய்தவர்கள் வேண்டாத சாமான்களை என் வாசலில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் குவித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் அந்தக் கண்ணாடிப் பாத்திரம் இருந்தது. கழுவாமல்தான். நான் கழுவினேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைத் துணிப்பட்டையில் சிவப்பு நூலால் வாசெக் என்று புதிதாக ஒரு பெயர் தைத்தேன். என் அறையில் இருக்கிற சட்டைகள் பல்கலைக்கழகத்தினுடையவை, அவற்றை நான் எடுக்க முடியாது. பட்டையைப் பாத்திரத்துக்குள் வைத்து, ஞாயிற்றுக்கிழமை நியூ தாபோருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனேன்.

லோரெட்டா முற்றத்தில் கோழிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். பாத்திரத்தைப் பார்த்ததும், "அவரு குடுத்துவிட்டாரா?" என்றாள்.

ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. "இல்ல, குப்பைல கிடந்தது."

அவள் பட்டையை எடுத்து எழுத்துகளை விரலால் தடவினாள். வழக்கம்போலத் திருப்பித் தையலைப் பார்த்தாள்.

"சட்டை அவருகிட்டயா?"

"அவருகிட்டதான்."

"உன் பேரு உன்னோடதுன்னு சொன்னாங்கல்ல," என்றாள். "சொன்னபடியே குடுத்துட்டாங்க. பேரை மட்டும்."

பட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பாத்திரத்தின் அடியில் இருந்த டேப்பை நகத்தால் கீறி, பொறுமையாக, ஒரு துணுக்கு விடாமல் உரித்தாள். பிறகு குழாயைத் திறந்து அதில் தண்ணீர் பிடித்து முற்றத்தில் வைத்தாள். நொண்டிதான் முதலில் வந்தது.